ஆறில் ஏழு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இல்ல இல்ல, ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும். நான் இன்னைக்கு ஜன்னல் பக்கம் உக்காரக் கூடாது, அது ஏன்னு அப்புறம் சொல்றேன். பையா? மேல வைக்க மாட்டேன், மடியிலயே இருக்கட்டும். நீங்க எதுவரைக்கும்? வேதாரண்யமா, நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். அந்த அட்டைப்பெட்டியில என்ன, குக்கரா? அக்காவுக்கா? கொடுத்து வச்ச அக்கா.

வேதாரண்யத்துல எனக்கு யாருன்னு கேக்கறீங்க. என் வீட்ல அங்கதான் இருக்காங்க. பூங்கோதைன்னு பேரு. கணக்கு டீச்சர். நானும் கணக்கு வாத்தியார்தான், நாகப்பட்டினத்துல. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். வைத்தியலிங்கம்னா ஒருத்தருக்கும் தெரியாது, வைத்தி சார்னா தெரியும். எட்டு மாசமா அவ அங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. நான் சனிக்கிழமை சனிக்கிழமை போறேன், ஞாயித்துக்கிழமை திரும்பறேன். சண்டையான்னு ஸ்டாஃப் ரூம்ல கேக்கறாங்க. சண்டையெல்லாம் இல்ல தம்பி. சண்டைன்னா ரெண்டு பேரு சத்தம் போடணும். அவ சத்தமே போடலையே, அதானே என் குறை.

நீங்க கேளுங்க, கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. உங்களுக்கு என்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. அதனாலதான் சொல்றேன்.

அவ எங்க ஸ்கூலுக்கு வந்தப்ப எனக்கு ஏழு வருஷ சர்வீஸ். முதல் நாள் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு, "சார், டைம்டேபிள் எங்க சார் இருக்கும்?"னு கேட்டா. ஒரே கேள்வியில ரெண்டு சார். அந்த ரெண்டாவது சார்லதான் நான் விழுந்தேன்னு வச்சுக்குங்க. மறுவருஷம் கல்யாணம். மணவறையில உக்காந்துக்கிட்டு, "சார், மாலை கோணலாக் கிடக்கு சார்"ங்கறா. மைக் பக்கத்துல இருந்துது. மண்டபமே சிரிச்சுது. எங்க பொண்ணு கயல், இப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா, அவ பேச ஆரம்பிச்சப்ப என்னை அப்பான்னு கூப்பிடல, சார்னுதான் கூப்பிட்டா. மூணு வயசு வரைக்கும் அப்படித்தான். அவ அம்மா மாத்திக்கவே இல்ல. சமையலறையிலேர்ந்து, "சார், இந்தத் தேங்காயை உடைச்சுக் குடுங்க சார்"னு குரல் வரும். பக்கத்து வீட்ல கேலி பண்ணுவாங்க. பண்ணட்டுமே. நீ என்னை விடப் பெரியவன்னு ஒருத்தி ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றா, ஒரு மனுஷனுக்கு வேற என்ன வேணும்?

ஆனா பாருங்க, வாயால சார்னு சொல்லிட்டு, மத்ததையெல்லாம் அவ எடுத்துக்கிட்டா.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. நடந்ததைச் சொல்றேன். நான் ப்ளஸ் டூ எடுக்கறேன், அவ ப்ளஸ் ஒன் எடுக்கறா. என் கிளாஸ் பசங்க என் பீரியட் முடிஞ்சதும் அவ கிளாஸ் ஜன்னலண்டை போய் நிப்பாங்க. போன வருஷம் படிச்ச பாடத்தை மறுபடியும் கேக்கறதுக்கு. சாயங்காலம் வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு நான் உக்காந்திருப்பேன், கையில சிவப்புப் பேனாவோட. ஒரு பொண்ணு சைக்கிளை நிறுத்தி, "டீச்சர் இருக்காங்களா சார்?"னு கேக்கும். டீச்சர் குளிக்கறாங்க, என்னம்மா சந்தேகம், என்கிட்ட கேளும்பேன். பரவாயில்ல சார், அப்புறம் வரேன்னு போயிடும். நானும் கணக்கு வாத்தியார்தானே தம்பி. என் நெத்தியில என்ன தமிழய்யான்னா எழுதியிருக்கு? பழைய ஸ்டூடண்ட்ஸ் கல்யாணப் பத்திரிகை கொண்டு வருவாங்க. கவர்ல ரெண்டு பேரு பேரும் இருக்கும். தட்டை மட்டும் அவ கையில கொடுப்பாங்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, அந்தத் தட்டுல ரெண்டு விரலை வைப்பேன்.

இந்தக் கண்டக்டர் விசிலை வாயிலேர்ந்தே எடுக்க மாட்டார் போலிருக்கு.

நிகழ்தகவுன்னு ஒரு பாடம் உண்டு, படிச்சிருப்பீங்க. மறந்துட்டீங்களா? அதனால என்ன, சுலபம்தான். ஒரு விஷயம் நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு எண்ணால சொல்றது. நடக்கவே நடக்காதுன்னா பூஜ்யம், நடந்தே தீரும்னா ஒண்ணு. மத்ததெல்லாம் நடுவுல. அதுல ரெண்டு வகை நிகழ்ச்சி வரும். பசங்க அங்கதான் கவிழ்வாங்க. இப்ப இந்த ஜன்னல் சீட்டு இருக்கு. நீங்க உக்காந்தா நான் உக்கார முடியாது, நான் உக்காந்தா நீங்க முடியாது. அது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். ரெண்டுல ஏதாவது ஒண்ணு நடக்க என்ன வாய்ப்புன்னு கேட்டா, ரெண்டையும் கூட்டணும். இன்னொரு வகை, நீங்க இந்த பஸ்ல வர்றதும், வேதாரண்யத்துல என் வீட்ல இன்னைக்கு மீன் வாங்கறதும். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணு நடந்தாலும் நடக்காட்டியும் இன்னொண்ணு அது பாட்டுக்கு அது. ரெண்டும் சேர்ந்து நடக்க என்ன வாய்ப்புன்னா, பெருக்கணும். இதுக்கு இப்ப புத்தகத்துல வேற பேரு. நான் படிச்சப்ப சாரா நிகழ்ச்சிகள்னு சொல்லுவோம். ஒண்ணை ஒண்ணு சாராத நிகழ்ச்சிகள். பூங்கோதை இன்னும் அந்தப் பழைய பேரைத்தான் சொல்லுவா. பசங்க, "யார் டீச்சர் அந்த சாரா?"ன்னு கேப்பாங்களாம். "சாரைக் கேளுங்க"ன்னு என் கிளாஸ் பக்கம் கை காட்டுவாளாம். ஒரே சிரிப்பாம். நான் இருபத்தெட்டு வருஷமா காசும் பகடையும் வச்சு நடத்தறேன், ஒருத்தனும் ஒரு நாளும் சிரிச்சதில்ல.

அவ எங்க தெருமுனை ரயில்வே கேட்டை வச்சு நடத்துவா. மழை பெய்யும், கேட் மூடியிருக்கும், ரெண்டும் சேர்ந்து நடந்தா நீங்க லேட்டு, எத்தனை நாள் லேட்டு கண்டுபிடிங்கன்னு. பசங்க ஒரு மாசம் நோட்டுல குறிச்சுக்கிட்டு வந்தாங்க. நோட்டை ஹெச்.எம்.கிட்ட காட்டி, பிரேயர்ல பாராட்டு.

ஒரு தடவை நான் மாதிரித் தேர்வுக்கு விடைக்குறிப்பு எழுதினேன். ஒரு கணக்கை அமுதன் சரியாப் போட நிகழ்தகவு ரெண்டுல ஒண்ணு. நிலா சரியாப் போட மூணுல ரெண்டு. தனித்தனியாப் போடறாங்க. ஒருத்தராவது சரியாப் போட நிகழ்தகவு என்ன? அவசரத்துல ரெண்டையும் கூட்டிட்டேன் தம்பி. ஆறுல ஏழு. ஒண்ணுக்கு மேல போயிடுச்சு. ஆறு தடவை முயற்சி பண்ணினா ஏழு தடவை நடக்கும்னு அர்த்தம், கேட்டா எல்.கே.ஜி. பிள்ளை சிரிக்கும். ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் போட முடியாதுன்னு ஏதாவது இருக்கா? ரெண்டு பேருமே சரியாப் போடலாமே. அந்த ரெண்டு பேரும் சேர்ந்து போடற பங்கைக் கழிக்கணும். கழிச்சா ஆறுல அஞ்சு. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா எழுதினது ஆறுல ஏழு.

அச்சுக்குப் போறதுக்கு முந்தி பூங்கோதை பாத்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து, என் கையெழுத்து மாதிரியே, என் ஏழுக்கு நான் போடற குறுக்குக் கோடு உட்பட, புதுசா எழுதி வச்சுட்டா. அச்சாகி வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு பண்ணினேன் சார்ங்கறா. என்ன தைரியம் பாருங்க. என் கையெழுத்தை அப்படியே போட எத்தனை நாள் பாத்திருக்கணும்? நான் ஒரு வாரம் அவகிட்ட பேசல.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்துது. புதுப் பாடநூல் எழுதற குழுவுக்கு ஆசிரியர்கள் வேணும்னு. தம்பி, நீங்க பாடப்புத்தகத்தோட கடைசிப் பக்கம் பாத்திருக்கீங்களா? யாரும் பாக்க மாட்டாங்க. நான் பாப்பேன். நான் ஆறாம் வகுப்புலேர்ந்து புது புக்கு கொடுத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல பிரிப்பேன். அங்க எழுதினவங்க பேரு இருக்கும். பேரு, ஸ்கூலு, ஊரு. ஒரு நாள் அங்க ச. வைத்தியலிங்கம், நாகப்பட்டினம்னு வரணும். எனக்கு வேற ஆசையே கிடையாது. வீடு கட்டணும்னுகூட நான் ஆசைப்பட்டதில்ல.

சுற்றறிக்கையோட முதல் பக்கத்துல, மாவட்டத்துக்கு ஒருவர்னு போட்டிருந்துது. பத்துப் பக்கத்துக்கு ஒரு மாதிரிப் பாடம், கையால எழுதி, கவர்ல வச்சு, மாவட்ட ஆபீஸ்ல நேர்ல கொடுக்கணும். நான் ரூம்ல உக்காந்து எழுதினேன். அவ சாப்பாட்டு மேஜையில உக்காந்து எழுதினா. நீயும் அனுப்பறியான்னு கேட்டேன். ஆமா சார், நீங்களும் நானும் சேர்ந்தே அனுப்பலாம்னா. சேர்ந்து. மாவட்டத்துக்கு ஒருத்தர்ங்கறான், சேர்ந்து எங்க போறது?

அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப அவ எழுதினதை எடுத்துப் படிச்சேன். ரயில்வே கேட்லதான் ஆரம்பிச்சிருந்தா. கேட் மூடியிருக்கு, ஒரு பொண்ணு சைக்கிளோட நிக்குது, பரீட்சைக்குப் பத்து நிமிஷம் இருக்குன்னு. எனக்கே அந்தப் பொண்ணு பரீட்சைக்குப் போய்ச் சேருவாளான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துது. பத்துப் பக்கமும் நின்னுக்கிட்டே படிச்சேன். என்னோடதையும் எடுத்துப் படிச்சேன். ஒரு சீரான நாணயம் இருமுறை சுண்டப்படுகிறதுன்னு ஆரம்பிச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. ஏன் சார், உடம்பு சரியில்லையான்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தா. அந்தக் கையைத் தட்டிவிடணும் போல இருந்துது எனக்கு.

பொறாமைதான் தம்பி. சொல்லிட்டேன், போங்க. பொண்டாட்டி மேல யாராவது பொறாமைப்படுவானாம்பீங்க. மத்தவங்க மேல பட்டா தள்ளிப் போய் நின்னுக்கலாம். இவ மேல பட்டா எங்க போறது? அவ வச்ச சாம்பாரைத்தான் ஊத்திச் சாப்பிடணும்.

வேளாங்கண்ணியா? ஆமா, இங்க பாதி பஸ் காலியாயிடும். இறங்கிடாதீங்க, நமக்கு இன்னும் இருக்கு. ஜன்னலை வேணா கொஞ்சம் இறக்கி விடுங்க. முழுசா இறக்கினாலும் சரிதான்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவளுக்கு ஸ்கூல்ல வேலை, நான் அரை நாள் லீவு. ரெண்டு கவரையும் என் கையில கொடுத்தா. நீங்களே கொடுத்துடுங்க சார்ன்னா. தன் கவருக்குப் பின்னால பென்சில்ல ஒரு கணக்குப் போட்டிருந்தா. பூ.ங்கறதுக்கு எதிர்ல ரெண்டுல ஒண்ணு, சார்ங்கறதுக்கு எதிர்ல மூணுல ரெண்டு. நடுவுல பெருக்கல் குறி. மூணுல ஒண்ணுன்னு விடை. ரெண்டு பேருக்கும் கிடைக்க மூணுல ஒண்ணு வாய்ப்பு இருக்கு சார், மோசமில்லன்னு சிரிச்சா.

நான் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு அந்தப் பென்சில் கணக்கைப் பாத்தேன். பாத்தேன், எனக்கு உள்ளுக்குள்ள பாயசம் குடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அவ தப்புப் பண்ணிட்டா. பூங்கோதை டீச்சர், தப்புப் பண்ணிட்டாங்க. மாவட்டத்துக்கு ஒருத்தர்ன்னா இது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சி, அவளுக்குக் கிடைச்சா எனக்குக் கிடையாது. பெருக்கக் கூடாதே. ரெண்டு பேருக்கும் கிடைக்கறது பூஜ்யம். அவ போட்ட எண்ணைக் கூட்டிப் பாத்தா ஆறுல ஏழு வருது, ஒண்ணைத் தாண்டுது, அந்த எண்ணே தப்பு. என் ஆறுல ஏழைத் திருத்தினவ, தானே ஆறுல ஏழுல வந்து நிக்கறா. அவகிட்ட சொல்லணும்னு தோணல. அந்தத் தப்பை நான் எனக்குன்னு வச்சுக்கிட்டேன்.

அப்புறம் நானே நிஜக் கணக்குப் போட்டேன். மனசறிஞ்சு. அவளுக்கு நாலுல மூணு. எனக்கு நாலுல ஒண்ணு. அதுவே தாராளம்.

ஆபீஸ் போனேன். கொடுத்தேன். அவ கவர் பையிலயே தங்கிடுச்சு. மறந்துட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? மறதிங்கறது வாத்தியார்களுக்கு வர்ற வியாதி. விடைத்தாள் கட்டையே பஸ்ல விட்டுட்டு இறங்கினவங்க இருக்காங்க.

சரி. உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது. அந்த ஆபீஸ் கிளார்க் என் கவரை வாங்கி சீல் குத்தினார். நிமிர்ந்து பாத்து, "வேற ஏதாவது இருக்கா சார்?"னு கேட்டார். பைக்குள்ள என் கை அவ கவர் மேலதான் இருந்துது. நான் இல்லைன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். ஒப்புகைச் சீட்டு எங்க சார்னு வீட்ல கேட்டா. ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணுதான் கொடுத்தாங்கன்னேன். நம்பிட்டா. ஒரு கணக்கு டீச்சர் இதை நம்பலாமா? நீங்களே சொல்லுங்க. ரெண்டு கவருக்கு எந்த ஆபீஸ்ல ஒரு சீட்டு கொடுப்பான்? அவ ஒரு கேள்வி கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். தப்பு அவ மேலயும் இருக்கு.

ஆறு வாரம் நான் ராஜா மாதிரி இருந்தேன் தம்பி. நாலுல மூணைத் தூக்கிப் பையில போட்டாச்சு, இனிமே மிச்சம் நான்தான். கடைசிப் பக்கத்துல பேரு வர்றது தெரிஞ்சுபோச்சு. இனிஷியல் முன்னால போடறதா பின்னால போடறதான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். அவளுக்கு வாராவாரம் பூ வாங்கிட்டுப் போனேன். என்ன சார் இது புதுசான்னு வெக்கப்பட்டா.

பட்டியல் வந்துது. மத்தியான இன்டர்வெல்ல, எல்லார் போன்லயும். நம்ம மாவட்டத்துல ரெண்டு வரி இருந்துது. ப்ளஸ் டூ, கீழ்வேளூர்ப் பக்கத்து ஸ்கூல்ல ஒரு சின்னப் பையன் வாத்தியார், சர்வீஸ் ஆறு வருஷம், அவன் பேரு. ப்ளஸ் ஒன்னுக்கு நேரா, விண்ணப்பம் வரவில்லைன்னு இருந்துது.

புரியுதா உங்களுக்கு? மாவட்டத்துக்கு ஒருத்தர் இல்ல தம்பி. மாவட்டத்துக்கு, ஒரு வகுப்புக்கு ஒருத்தர். அது சுற்றறிக்கையோட ரெண்டாம் பக்கத்துல இருந்துது. நான் ரெண்டாம் பக்கம் திருப்பல. அவ ப்ளஸ் ஒன்னுக்குப் போட்டிருந்தா, நான் ப்ளஸ் டூவுக்கு. என் வழியில அவ இல்லவே இல்ல. அவ பெருக்கினது சரி. சாரா நிகழ்ச்சி. அந்த ப்ளஸ் ஒன்னுக்கு மாவட்டத்துலயே வேற யாரும் போடல. பாடம் நல்லா இருந்தா எடுத்துக்க வேண்டியதுதான் பாக்கி. அவளோட நிகழ்தகவு ரெண்டுல ஒண்ணுமில்ல, நாலுல மூணுமில்ல. ஒண்ணு. நடந்தே தீரும்ங்கற ஒண்ணு. அதைத்தான் நான் பைக்குள்ள கையை வச்சு அமுக்கிக்கிட்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா. கை கால் கழுவினா. காபி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் வச்சா. நான் கத்துவான்னு காத்துக்கிட்டிருக்கேன். அவ சுற்றறிக்கையை எடுத்துட்டு வந்து, ரெண்டாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால வச்சா.

"இதைப் படிக்கலையா சார்?"

அதான் கடைசி சார். அப்பத் தெரியல எனக்கு. தெரிஞ்சிருந்தா நல்லாக் கேட்டிருப்பேன்.

கவர் தொலைஞ்சுபோச்சு கோதைன்னேன். அவ நம்பல. எழுதின பேப்பரை நீங்க தூக்கிப் போட மாட்டீங்க, எனக்குத் தெரியும்ன்னா. அப்புறம்தான் கேட்டா. அமைதியாத்தான் கேட்டா, கிளாஸ்ல ஒரு பையனை எழுப்பி நிறுத்திக் கேக்கற மாதிரி. "ஒன்றையொன்று விலக்கும்னே வச்சுக்குங்க. பகடையில ரெண்டு விழலைன்னா, அஞ்சு விழுந்தே ஆகணுமா?"

பதினோராம் வகுப்புப் பாடம் தம்பி. ரெண்டும் சேர்ந்து நடக்காதுன்னுதான் அதுக்கு அர்த்தம். ஒண்ணு நடக்கலைன்னா இன்னொண்ணு நடந்தே தீரும்னு எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. ரெண்டுமே நடக்காமப் போகலாம். ரெண்டு விழாத பகடையில மூணு விழலாம், ஆறு விழலாம், கீழ்வேளூர்ப் பையன் விழலாம். இருபத்தெட்டு வருஷமா போர்டுல எழுதிப் போட்டவன் நான். அவளுக்கு இல்லைன்னா எனக்குத்தான்னு நானே நம்பிட்டேன்.

அவ அழல. அழுதிருந்தா நான் கால்லகூட விழுந்திருப்பேன். அடுத்த மாசம் மாறுதல் கலந்தாய்வுல போய் வேதாரண்யத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டா. ரெண்டு பெட்டி, கயலோட படம் ஒண்ணு. அன்னைக்கு பஸ் ஏறும்போது, "என்னங்க, கேஸ் சிலிண்டர் புக் பண்ணியிருக்கேன்"ன்னா.

என்னங்க. கேட்டீங்களா? ஊர்ல எல்லாப் பொண்டாட்டியும் கூப்பிடற மாதிரி. நான் ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன், என்னங்கன்னு கூப்பிடறாங்கன்னு. எல்லாரும் கை கொடுக்கறாங்க, பரவாயில்லையே, இருபது வருஷம் கழிச்சு உங்க வீட்டம்மா வழிக்கு வந்துட்டாங்களேன்னு. என்னத்தைச் சொல்ல நான்?

இப்ப அந்த ப்ளஸ் ஒன் இடத்துக்கு மறுபடியும் கேட்டிருக்காங்க. கடைசி நாள் திங்கக்கிழமை. இந்தத் தடவை நேர்ல கொடுக்க வேண்டியதில்ல, கவருக்குள்ள இருக்கறதை அவ வேதாரண்யத்துலேர்ந்தே அனுப்பிக்கலாம். போன மாசம் நான் போயிருந்தப்ப சொன்னா, அதே கவரைக் கொண்டு வாங்க, அனுப்பறேன், இன்னொரு தடவை எழுத மாட்டேன்னு. உனக்குத்தான் தலைகீழாத் தெரியுமே, ஒரு மணி நேரத்துல எழுதிடுவியேன்னேன். எழுத மாட்டேன், நீங்க கொண்டு வந்தா அனுப்பறேன், கொண்டு வரலைன்னா இல்லன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் மீன் குழம்பு ஊத்தினா.

மூணு சனிக்கிழமை ஆச்சு. மூணு சனிக்கிழமையும் கவரைப் பையில வச்சுத்தான் கொண்டு போனேன். மூணு ஞாயித்துக்கிழமையும் பையிலயே திரும்பி வந்துது. மறந்துட்டேன் கோதைன்னு சொன்னேன். பை அங்கதான் ஆணியில தொங்குது, அவ கைக்கு எட்டற தூரம். அவ தொடல. போற வழியில இதே மாதிரி உக்காந்து அந்தப் பத்துப் பக்கத்தையும் எடுத்துப் படிப்பேன். மனப்பாடமே ஆயிடுச்சு. எட்டாம் பக்கத்துல ஒரு இடத்துல ஒற்றுப்பிழை இருக்கு, அதைத் தவிர ஒண்ணும் இல்ல. படிக்கப் படிக்க எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் கண்ணுக்குத் தெரியும். சு. பூங்கோதை, வேதாரண்யம். அவ இல்லாததால ப்ளஸ் ஒன்னும் இப்ப நான்தான் எடுக்கறேன், அதைப் பாடம் நடத்தறப்ப நான் கையில வச்சுக்கிட்டு நிக்கணும், வருஷா வருஷம். போன வாரம் ஆத்துப் பாலத்துல பஸ் போறப்ப, கவரோட என் கை ஜன்னலுக்கு வெளியில இருந்துது தம்பி. நானா நீட்டினேனான்னு எனக்கே தெரியல. பின்னாடி சீட்டு அம்மா, சார் பேப்பர் பறந்துடப் போகுதுன்னாங்க. உள்ள இழுத்துட்டேன்.

அதனாலதான் ஜன்னல் பக்கம் வேணாம்னேன். அந்தப் பாலம் இன்னும் வரல.

இருங்க, எடுக்கறேன். இதான். ஓரம் கொஞ்சம் அழுக்காயிடுச்சு. பின்னால பாருங்க, பென்சில் எழுத்து. அழியல. பூ. ரெண்டுல ஒண்ணு. சார், மூணுல ரெண்டு. எனக்குத்தான் கூடப் போட்டிருக்கா, பாத்தீங்களா? நான் இத்தனை நாளும் பெருக்கல் குறியைத்தான் பாத்தேன்.

பிடிங்க. உங்க குக்கர் பெட்டிக்கு அடியில வச்சுக்குங்க. வேதாரண்யம் வர்ற வரைக்கும் நான் கேட்டாலும் கொடுக்காதீங்க. நல்லபடியாக் கேட்டாலும் கொடுக்காதீங்க, ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்னு கேட்டாலும் கொடுக்காதீங்க. இறங்கினதும் அவ கையில நீங்களே கொடுத்துடுங்க. பஸ் ஸ்டாண்டு வாசல்ல மஞ்சள் குடையோட நிப்பா. சனிக்கிழமையானா வந்து நிக்கறதை மட்டும் இன்னும் விடல.

உங்ககிட்டேர்ந்து வாங்கிக்கிட்டு, ரொம்ப தேங்க்ஸ் சார்ம்பா. கண்டக்டர், பழக்கடைக்காரர், யாரா இருந்தாலும் அவளுக்கு சார்தான். இப்ப என்னைத் தவிர எல்லாரும்.

ஒண்ணே ஒண்ணு தம்பி. அவ சார்னு கூப்பிட்டா, உடனே திரும்பிடாதீங்க. ஒரு தடவை நான் திரும்பிக்கறேன்.